கையை எடுத்தால் நின்றுவிடும்

சென்னியப்பனின் ஆர்கெஸ்ட்ராவில் மைக் டெஸ்ட் செய்யும்போது யாரும் ‘ஹலோ, ஒன், டூ’ சொல்வதில்லை. அருள்செல்வன் கீபோர்டில் ஒரு கார்டைப் பிரித்து ஓடவிடுவான். கார்டு என்றால் மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது வருகிற கூட்டொலி. அதை அவன் மொத்தமாக அழுத்த மாட்டான். ஒவ்வொரு சுரமாக உதிர்த்து, மேலே ஏற்றி, கீழே இறக்கி, மறுபடியும் ஏற்றிக்கொண்டே இருப்பான். அந்த ஓட்டத்தின் மேல் நதியா வாயைத் திறக்காமல் முனகுவாள். வார்த்தை கிடையாது. மண்டபத்தில் நாற்காலி விரிக்கிறவர்களையும் வாசலில் கோலம் போடுகிறவர்களையும் தவிரக் கேட்க ஆளும் கிடையாது. நிகழ்ச்சி தொடங்கிய பிறகு பாடுகிற சினிமாப் பாட்டுகளுக்குத்தான் கைதட்டல். ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் அந்த மைக் டெஸ்ட்தான் நிகழ்ச்சி.

பகலில் அருள் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நதியா வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற டீ-ஷர்ட்டுகளைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிற வேலை. கல்யாண சீசனில் வேலை முடிந்ததும் இருவரும் சென்னியப்பனின் வேனில் ஏறிவிடுவார்கள்.

அவள் பாட்டில் ஒரு பழக்கம் இருந்தது. பிடித்த இடம் வந்தால் சுரத்தை இழுப்பாள், தாளத்தை மறந்துவிடுவாள். மற்ற வாத்தியக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அருள் மட்டும் அவள் இழுக்கிற அளவுக்குத் தன் ஓட்டத்தையும் இழுத்துப் பிடிப்பான். அவள் மூச்சு வாங்கினால் விரல்கள் காத்திருக்கும். தனக்காக ஒருவன் காத்திருக்கிறான் என்பது முதலில் அவள் காதுக்குத்தான் தெரிந்தது. மனசுக்குத் தெரிய இன்னும் ஒரு சீசன் ஆயிற்று.

அருளின் வீட்டார் சாமளாபுரத்தில் தறி ஓட்டியவர்கள், முருகனைக் கும்பிடுகிற குடும்பம். நதியாவின் அப்பா சீனிச்சாமி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தவர். இரண்டு வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிவன்மலையில் தாலி கட்டிக்கொண்டு, லைன் வீடு ஒன்றில் குடிபோனார்கள். ஒன்றரை அறை. கட்டிலுக்கு அடியில் கீபோர்டு.

கல்யாணமான புதிதில் அவனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அவளைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகில் வாசிப்பான். “எந்தப் பாட்டு, சொல்லு புள்ள?” அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல்களின் ஓட்டத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பல நாள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். சொல்லிவிட்டால் விரல்கள் நின்றுவிடுமே.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில், பேண்ட் நைஃப் இயந்திரத்தில் அருளின் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அடுக்கடுக்காகப் போட்ட துணியைக் கையால் தள்ளிக்கொடுத்தால், மேலும் கீழுமாக ஓடுகிற நாடா போன்ற கத்தி அதை அறுத்துக்கொண்டே போகும். அன்று துணி ஓரிடத்தில் மடிந்து இழுத்தது. கையும் கூடப் போயிற்று. அவ்வளவுதான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். கம்பெனி அவனை ஸ்டோருக்கு மாற்றியது. பட்டன், லேபிள், நூல்கண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை.

அவன் குடிக்கவில்லை, யார் மேலும் எரிந்து விழவில்லை. இடது கையால் எழுதப் பழகினான். சாமளாபுரத்திலிருந்து அவன் அம்மா ஜானகியம்மாள் முதல் தடவையாக அந்த வீட்டுப் படியேறி வந்து, ஒரு வாரம் தங்கிச் சமைத்துப் போட்டுவிட்டுப் போனார். எல்லாம் தணிந்து போனதாகவே வெளியே தெரிந்தது. ஆனால் அந்தக் கையை மட்டும் அவன் நதியாவிடமிருந்து மறைத்தான். சாப்பிடும்போது அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொள்வான். படுக்கும்போது சுவரோரத்துக்கு மாறினான். வலது கை சுவருக்கும் அவனுக்கும் நடுவில் போய்விடும். அவள் முதுகில் விரல் பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவள் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

சென்னியப்பன் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். வேறு கீபோர்டுக்காரரைப் பிடித்துவிட்டதாகவும், நதியாவாவது வர வேண்டும் என்றும் கேட்டார்.

“நீயாச்சும் வா கண்ணு. பாட்டை உட்டுராத சாமி.”

அருளும் உள்ளேயிருந்து, “போயிட்டு வா புள்ள,” என்றான்.

அவள் போனாள். புதிய ஆள் நன்றாகத்தான் வாசித்தார், ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் அவள் இழுத்த இடத்தில் அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். பின்னால் ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, “தொண்டை சரியில்லண்ணா, இனி வரலன்னு சொல்லிட்டேன்,” என்றாள் அருளிடம். பதற்றத்தில் கணவனை அண்ணா என்று சொன்னதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான், சிரிக்கவில்லை.

*

இரண்டு வருஷம் கழித்து ராபின் வந்து சேர்ந்தான். கம்பெனியின் கேட் செக்‌ஷனில், அதாவது கம்ப்யூட்டரில் டிசைன் அளவு போடுகிற பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன். நாசரேத் பக்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். ஸ்டோருக்கு ஏதோ வாங்க வந்தபோது, அருளின் மூன்று விரல்களும் மேஜை விளிம்பில் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டு நின்றான்.

“அண்ணாச்சி, நீங்க வாசிக்கிற ஆளுல்லா?”

“வாசிச்ச ஆளு,” என்றான் அருள்.

ராபின் அதோடு விடவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் தன் பழையதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். கட்டிலுக்கு அடியிலிருந்த கீபோர்டை வெளியே எடுத்துத் தூசி தட்டி, ஒரு ஒயர் மூலமாகக் கம்ப்யூட்டரோடு இணைத்தான். சிடியிலிருந்து ஏதோ ஏற்றினான். இருவரும் ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நதியாவுக்குப் பாய் விரிக்கிற இடம் போனதுதான் மிச்சம். ஏதோ கேம் விளையாடுகிறான், விளையாடட்டும், முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

பிறகு பல வாரம் அருள் தனியாகவே அதன் முன்னால் உட்கார்ந்தான். ஹெட்போன் போட்டிருந்ததால் அவளுக்குக் கட்டைகள் அமுங்குகிற டக் டக் சத்தம் மட்டும் கேட்கும். சில சமயம் அவன் தலையை ஆட்டுவான். சில சமயம் “ச்சை” என்று சொல்லிவிட்டு மவுசைத் தட்டுவான்.

அன்று சனிக்கிழமை. பொழுது இன்னும் இறங்கவில்லை. நதியா கம்பெனியிலிருந்து தக்காளியும் கீரையும் வாங்கிக்கொண்டு வந்தாள். லைன் வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும் கேட்டது. தன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கார்டு உதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடியும் ஏறி. மைக் டெஸ்டின்போது அவன் ஓட்டுகிற அதே கார்டு.

விரல் வந்துவிட்டது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் தையல் பிரித்தபோது பக்கத்திலேயே நின்றவள் அவள். என்ன போயிற்று என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் அந்தச் சந்தின் நீளத்துக்கு அவள் நம்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப் போய்க் கதவைத் தள்ளினாள்.

அருள் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். வலது கை கட்டைகளின் மேல் இருந்தது. பெருவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் மூன்று கட்டைகளை அழுத்தியபடி அசையாமல் இருந்தன. கை நின்றுகொண்டிருந்தது. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“வந்துட்டியா! இங்க வா, இங்க வா,” என்றான். இரண்டு வருஷமாக அவள் பார்க்காத முகம். “பாரு. நான் எதுவும் பண்ணல. சும்மா புடிச்சுட்டு இருக்கறேன். ஓட்டறது அது.”

“எது?”

“ஆர்பெஜியேட்டராம். சாஃப்ட்வேருக்குள்ளயே இருக்குது. நாம எந்தக் கார்டப் புடிக்கறமோ அத ஒண்ணொண்ணாப் பிரிச்சு அதுவே வாசிச்சுக்கும். மேல போகோணுமா, கீழ எறங்கோணுமா, எவ்வளவு வேகம், ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிக்கோணும், எல்லாம் நாம சொல்லிக் குடுத்தாப் போதும். ஒரு கார்டுக்கு மூணு சுரந்தான புள்ள? எனக்கு மூணு விரல் இருக்குது.” அவன் கட்டையை மாற்றி வேறொரு கார்டைப் பிடித்தான். ஓட்டமும் உடனே மாறியது. “இப்பப் பாரு, கையை எடுத்தா நின்னுரும்.”

எடுத்தான். நின்றது.

நதியாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அவன் எழுந்து இடது கையால் துடைத்துவிட்டான். “அட, எதுக்கு அழுவற? சந்தோசத்துலயா?” என்றான்.

“ஆமா,” என்றாள். கீரையை ஆயப் போய்விட்டாள்.

*

அதன் பிறகு அந்த வீட்டில் எப்போதும் சுரங்கள் ஓடின. அருள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டான். வேலைக்குப் போகுமுன் காலையிலும் வாசித்தான். பழைய பாட்டுகளுக்குப் புதிதாக ஓட்டங்கள் போட்டான். பத்து விரல் இருந்தபோதுகூட அவனால் வாசிக்க முடியாத வேகத்தில் சில. பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் அக்கா வாசலில் நின்று கேட்டுவிட்டு, “உங்கூட்டுக்காரருக்குக் கை சரியாயிருச்சாட்ட இருக்குதே,” என்றாள். நதியா சிரித்து வைத்தாள்.

அவளால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. யாரோ ஒருவன் அருளின் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவது போல இருந்தது. அருள் ஓட்டும்போது ஏறுகிற சுரம் கொஞ்சம் மெதுவாகப் போகும், இறங்குவது விரைந்து வரும். உச்சிச் சுரத்தில் நடுவிரல் ஒரு பொட்டு அதிகமாக அழுத்தும். இதில் எல்லாச் சுரமும் ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி. அவன் தன் விரல்களை மறந்துகொண்டு வருகிறான், தான் மட்டும் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? சந்தோஷமாக இருக்கிறவனிடம் போய், நீ சந்தோஷமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

செய்தி சென்னியப்பனுக்குப் போயிற்று. வந்து கேட்டார். தொடையில் தட்டிக்கொண்டார்.

“அருளு, வைகாசியில அவிநாசில ஒரு ரிசப்சன் இருக்குது. அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்துரு. நதியாவும் பாடோணும், சொல்லிட்டேன்.”

அருள் உடனே தலையாட்டினான். நதியாவும் ஆட்டினாள்.

ஒத்திகை வீட்டிலேயே நடந்தது. மெதுவான ஒரு பழைய பாட்டு. தாளம் சேர்வதற்கு முன்னால் நீளமான ஓர் ஆலாபனை வரும். நதியா அதில்தான் சுரத்தை இழுப்பாள். அன்றும் இழுத்தாள். சுரங்கள் அவளுக்காக நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. மறுபடியும் பாடினாள். மறுபடியும் அவளை விட்டுவிட்டுப் போயின. அருள் இடது கையால் மவுசைப் பிடித்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். குடிகாரன் படி இறங்குவது மாதிரி தட்டுத் தடுமாறி வந்தது.

“நீதான் கொஞ்சம் தாளத்துக்குள்ள நில்லேன்,” என்றான்.

“நான் எப்பவும் இப்படித்தான பாடுதேன். நீங்க நின்னீகள்ல?”

“அது அப்ப. இது மெசினு. அதுக்குத் தெரியுமா நீ மூச்சு வாங்கறது?”

“அப்ப எனக்கு அது வேண்டாம்.”

அவன் கையை எடுத்தான். வீடு அமைதியாயிற்று.

“வேண்டாமா? ரெண்டு மாசமா மண்டையப் போட்டு ஒடச்சுட்டு இருக்கறேன். நீ ஒரு நாளு நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல. ஒரு நாளு பக்கத்துல வந்து உக்காந்ததில்ல. பின்ன என்னதான் வேணும் உனக்கு?”

“உங்க விரல்,” என்றாள் நதியா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அருள் அவளையே பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

“எனக்குந்தான் வேணும்,” என்றான். “நான் மறந்துட்டேன்னு நெனச்சியா? இப்பவும் அரிக்குது புள்ள. இல்லாத விரலு. ஸ்டோர்ல உக்காந்துட்டு இருக்கறப்ப திடீர்னு நடுவிரலு நுனியில அரிக்கும். சொறியப் போனா அங்க ஒண்ணுமிருக்காது. பைத்தியக்காரன்னு சொல்லுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல.”

நதியா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “என்கிட்டயுமா?”

“உன்கிட்டத்தான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.”

அவள் அவனுடைய வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்தாள். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். விடவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டுப் பார்த்தாள். தையல் போட்ட இடம் வழவழவென்று இருந்தது.

“இப்ப அரிக்குதா?”

“ம்.”

“எங்க?”

“சொன்னாச் சிரிப்ப.”

“சொல்லுங்க.”

“அங்க இல்ல. அது அடி. இன்னும் மேல. இன்னுங் கொஞ்சம்... அங்க.”

வெட்டுப்பட்ட இடத்துக்கு மேலே, விரல் நுனி இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லாத காற்றை நதியா தன் நகத்தால் மெதுவாகச் சொறிந்தாள். அருள் சிரித்தான். “நிக்குது புள்ள, நெசமாவே நிக்குது,” என்று சொல்லிச் சிரித்தான். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவளும் அழுதாள். கை அவள் மடியிலேயே இருந்தது.

*

மறுநாள் அவன் ராபினிடம் கேட்டான்: கையை எடுத்து மறுபடியும் வைத்தால் ஓட்டம் விட்ட இடத்திலிருந்து போகாமல் முதல் சுரத்திலிருந்து தொடங்குமா? “தொடங்கும் அண்ணாச்சி, அதுக்கு ஒரு வழி இருக்கு,” என்று ராபின் வந்து மாற்றி வைத்துக் கொடுத்தான். எதற்கென்று அருள் அவனிடம் சொல்லவில்லை.

அன்று ஒத்திகையில் நதியா ஆலாபனையைத் தொடங்கினாள். சுரங்கள் ஓடின. பிடித்த இடம் வந்தது, இழுத்தாள். அருள் கையை எடுத்துவிட்டான். கீழே எதுவும் இல்லை. அவள் குரல் மட்டும் தனியாக நின்றது. முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் கட்டைகளுக்கு மேலே கையைத் தூக்கியபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இழுத்து முடித்து, மூச்சு வாங்கி, அடுத்த சுரத்தைத் தொட்டதும் அவன் கை இறங்கியது. ஓட்டம் முதலிலிருந்து தொடங்கியது.

“அத மெதுவாப் போக வெக்க என்னால முடியாது,” என்றான். “நிறுத்தி வெக்கத் தெரியும்.”

பழைய அருள் அவள் கூடவே இழுத்து வருவான். இவன் அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கரையில் நின்று காத்திருந்தான். அது வேறு, இது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று அவள் தனக்குப் பொய் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மௌனம் அவனுடையது, மெசினுடையது இல்லை. அதன் மேல் பாட அவளால் முடிந்தது.

அவிநாசி மண்டபத்துக்குக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி வேனில் கொண்டுபோனார்கள். ராபினும் கூட வந்து ஒயர்களை மாட்டிக் கொடுத்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறிவிட, சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். நாலாவது பாட்டாக அந்தப் பழைய பாட்டு. சென்னியப்பன் ரிதம் பேடில் குச்சியை வைத்துக்கொண்டு தாளம் வருகிற இடத்துக்காகக் காத்திருந்தார். நதியா ஆலாபனையில் போய் அந்த இடத்தில் நின்றாள். அருள் கையை எடுத்தான்.

மண்டபத்தில் சுரங்களெல்லாம் ஒரேயடியாக அடங்கின. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் பதறிப்போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ராபின் ஒயர் கழன்றுவிட்டதோ என்று குனிந்தான். நதியா அவசரப்படவில்லை. அன்று அவள் எப்போதையும்விட நீளமாக இழுத்தாள். அவன் எவ்வளவு தூரம் காத்திருக்கிறான் என்று பார்க்கிற ஆசை. அவன் காத்திருந்தான். மூச்சு முடிகிற எல்லையில் அவள் சுரத்தை விட்டாள், மூச்சு வாங்கினாள். கை இறங்கியது.

பாட்டு முடிந்ததும் ஓரளவுக்குக் கைதட்டல் வந்தது. கல்யாண வீட்டில் அதற்கு மேல் வராது. சாமான்களை வேனில் ஏற்றியதும் சென்னியப்பன் சொன்னார், “நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா அந்தப் பொட்டிய நம்பாத. நடுவுல நின்னு போச்சு பாத்தியா? எனக்கு உசுரே போயிருச்சு.”

“அது நிக்கலீங்ணா. நாந்தான் நிறுத்துனேன்.”

“எதுக்கு?”

“நதியா மூச்சு வாங்கோணுமில்லீங்க.”

சென்னியப்பன் வேனில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் டிரைவரிடம், “அக்கட்டால ஒரு பேக்கரி வரும், நிறுத்து, டீ குடிச்சுட்டுப் போலாம்,” என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் பல மண்டபங்களில் பாடினார்கள். நதியாவின் பெயரை நோட்டீசில் போடும் அளவுக்கு வந்தது. அருள் கையை மறைப்பதை விட்டான். சுவரோரத்திலிருந்து மாறிப் படுத்தான். ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு சின்னப் பெண் அவன் கையைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது நீட்டிக் காட்டினான். வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நதியாவுக்குச் சில நாட்களில் திடீரென்று வரும். கம்பெனியில் டீ-ஷர்ட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துத் தெருவில் யாராவது கீபோர்டு பழகுகிற சத்தம் கேட்கும். யாரோ கற்றுக்குட்டி. ஏறும்போது மெதுவாகவும் இறங்கும்போது ஓடியும் வருகிற, சீரில்லாத விரல்கள். அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இரண்டாயிரத்து எட்டில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர்கள் குறைந்தன. கல்யாணங்களிலும் ஆர்கெஸ்ட்ரா குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அருள் புதிதாக ஒரு மெட்டு சொன்னான். வார்த்தை இன்னும் வரவில்லை, மெட்டு மட்டும். நதியா இரண்டு தடவை பாடிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“ஏங்க, அந்த ஆர்பெ... அத நிறுத்திப்புட்டு வெறும் கார்டு மட்டும் புடிங்களேன்.”

“வெறிச்சுன்னு இருக்கும் புள்ள.”

“இருக்கட்டும்.”

அவன் மவுசால் அதை அணைத்தான். மூன்று விரல்களை வைத்தான். மூன்று சுரங்கள் சேர்ந்து எழுந்து, அசையாமல் நின்றன. எதுவும் ஓடவில்லை. அதன் மேல் அவள் பாடினாள். அவள் நிறுத்துகிற இடங்களில் அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதுக்கு என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அதுதான் கேட்டது. ஏறுவது மெதுவாக, இறங்குவது விரைவாக.

பாதியில் கரண்ட் போயிற்று. அந்த வருஷம் தினமும் போகும். ஃபேன் சுற்றி ஓய்ந்தது, கம்ப்யூட்டர் திரை கறுத்தது, கார்டும் போயிற்று. பக்கத்து வீடுகளில் ஆட்கள் கதவைத் திறந்து வாசலுக்கு வந்தார்கள். நதியா நிறுத்தாமல் அந்த வரியைக் கடைசிவரை பாடினாள். அருள் விரல்களைக் கட்டைகளிலிருந்து எடுக்கவில்லை. சத்தம் வராத கட்டைகளை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தான்.

“முடிஞ்சுதா?” என்றான்.

“இன்னும் ஒரு வரி இருக்கு.”

“பாடு,” என்றான்.